எதிர்த்தட்டில் நான்கு எடைக்கல்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். என் கணவர் பெரிய தராசுக்குப் பின்னால், சுவரை ஒட்டிய முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா, ரிப்பேருக்கு வந்திருந்த கடை மெஷின்களை ஒதுக்கிவிட்டு மேசை மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். என் தம்பிக்கு ஜன்னலோரம் காற்று வரும் இடமாகப் பார்த்து நாற்காலி போட்டிருந்தோம். நான் தராசுத் தட்டில் உட்கார்ந்திருந்தேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விறகுக் கடைகளில் உத்தரத்திலிருந்து தொங்குமே, அந்த மாதிரித் தராசு. ஒரு தட்டில் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். எதிர்த்தட்டில் இருபது கிலோ எடைக்கல் நான்கு. இரண்டு தட்டுக்கும் அடியில் கட்டை வைத்திருந்தார். கட்டையை எடுத்து என் தட்டு மேலே போனால், என் சிறுநீரகங்களில் ஒன்றைத் தம்பிக்குக் கொடுக்க என் கணவர் கையெழுத்துப் போட வேண்டும். அது பேச்சு.

முதலிலிருந்து சொல்கிறேன்.

தம்பி பஸ் டிரைவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு ஸ்டீயரிங்கைத் தொட விடவில்லை. டெப்போவில் டிக்கெட் கட்டுப் பிரிக்கிற வேலை கொடுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தான். நான் தருகிறேன் என்று போனேன். ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது. பொருந்தாதது என் எடை ஒன்றுதான். தொண்ணூற்றாறு.

"எண்பதுக்குக் கீழே வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார் டாக்டரம்மா. "பட்டினி கிடந்து இளைச்சு வந்தீங்கன்னா திருப்பி அனுப்பிடுவேன். சாப்பிட்டே குறைக்கணும். நடக்கணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, எனக்காக நீ இளைக்க வேண்டாம்."

"உனக்காக யார் இளைக்கிறா. ஆபீஸ்ல மாடிப்படி ஏற முடியலை, அதுக்காக."

"மாமா சம்மதிக்கணும்."

"சம்மதிப்பார்."

"நீ சொல்லக் கூடாது. அவர் வாயால சொல்லணும்."

ஆஸ்பத்திரிப் படிவத்திலும் கணவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. இவரிடம் காட்டினேன். "முதல்ல எடை வரட்டும்" என்று படிவத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். நான் தொண்ணூற்றாறில் இருந்தேன். எண்பதாவது, நானாவது என்று நினைத்திருப்பார்.

நான் நீர்வாரிய அலுவலகத்தில் தபால் பிரிவில் இருக்கிறேன். வருகிற கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றி, அந்தந்தப் பிரிவுக்கு அனுப்புவது வேலை. பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து மணிக்கு எழுந்திருக்கலாம். இடையில் யாருக்காவது பிறந்தநாள் வரும், யாராவது ஊருக்குப் போய்த் திரும்புவார்கள், மேசைக்கு மேசை பெட்டி வரும். டாக்டரம்மாவைப் பார்த்த மறுநாளிலிருந்து நான்கு மாடிக்கும் தபாலை நானே எடுத்துக்கொண்டு படியேறினேன். பெட்டி வந்தால், "வயிறு சரியில்லை" என்றேன். ஒரு மாதம் கழித்து மேலாளர், "உங்களுக்கு என்னம்மா, வருஷம் பூராவும் வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். அதற்கப்புறம் உண்மையைச் சொன்னேன். அவரும் என்னோடு சேர்ந்து சர்க்கரை இல்லாத டீக்கு மாறினார். நான்கு நாள் தாங்கினார்.

வீட்டில் தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதிக்கு முட்டையோ பருப்போ. எண்ணெயில் பொரித்தது வாரம் ஒரு தடவை, அதுவும் எண்ணி மூன்று. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விடுவதற்குத்தான் பாடுபட்டேன். கை தானாகப் போகும்.

நடைக்குத் துணை என் நாத்தனார். பக்கத்து வீடு. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். "நீ தனியா நடந்தா, எங்க வீட்டுல சண்டை போட்டுட்டுப் போறேன்னு தெரு பேசும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்புவது திட்டம். முதல் நாள் மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில் இருந்த திட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"உக்காரவா வந்தோம்?" என்றார் அண்ணி. "அதுக்கு நம்ம வீட்டு நாற்காலி எவ்வளவோ மேல். எழுந்திரு."

பத்து நாளில் தண்ணீர்த் தொட்டி. மூன்று மாதத்தில் தொட்டியைத் தாண்டி ரயில்வே கேட். கேட் மூடியிருந்தால் அண்ணி அங்கேயே நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைப்பார், பார்க்கிறவர்கள் அவசரமாக எங்கோ போக வேண்டும் என்று வழி விடுவார்கள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் வெறும் வயிற்றோடு சமையலறையில் எடை பார்ப்பேன். ஏறி நின்றால் முள் காட்டும் மெஷின். இவர் கொண்டுவந்து வைத்தது. எடை மெஷின் பழுது பார்ப்பதுதான் இவர் தொழில். ஊரில் இவர் பெயரைச் சொன்னால் தெரியாது, எடைக்காரர் என்றால் தெரியும். தட்டைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுங்கள் என்று கேட்டு வந்த கடைக்காரர்களை டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருத்தருக்கும் சாய்த்துக் கொடுத்ததில்லை. முள்ளை அண்ணி குனிந்து படிப்பார், நான் காலண்டரில் எழுதுவேன். தொண்ணூறு. எண்பத்தெட்டரை. நடுவில் ஒரு வாரம் அரை கிலோ ஏறியது. அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்து, "யார் வீட்டு விசேஷம்?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்பதாம் மாதம் எண்பத்து மூன்றுக்கு வந்தேன். அங்கேயே நின்றது. அடுத்த வாரம் எண்பத்து மூன்று. அதற்கடுத்த வாரமும். ரயில்வே கேட்டைத் தாண்டி மேம்பாலம் வரை நடந்தோம். எண்பத்து மூன்று. சோற்றை இன்னும் குறைக்கப் போனேன், அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது வாரமும் காலண்டரில் அதே எண். தம்பி போனில், "விடுக்கா, நீ பண்ணினதே பெரிசு" என்றான். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. விடைபெறுகிறவன் பேசுகிற மாதிரி இருந்தது.

ஆனால் மோதிரம் நூல் சுற்றினாலும் நிற்காமல் கழன்று விழுந்தது. உடுப்புகளை இரண்டாம் தடவை பிடித்துத் தைத்திருந்தேன். ஆபீசில் அதே நாற்காலியில் பக்கத்தில் கைப்பையும் வைத்துக்கொள்ள இடம் இருந்தது. உடம்பு குறைகிறது, எண் குறையவில்லை. இரண்டில் ஒன்று பொய்.

சனிக்கிழமை சாயங்காலம் இவர் வெளியே போயிருந்தபோது, கீழே பட்டறையிலிருந்து முத்திரை போட்ட எடைக்கல் நான்கையும் ஒவ்வொன்றாகச் சமையலறைக்குத் தூக்கி வந்தேன். முதல் கல்லைத் தூக்கியபோது இடுப்பு வலித்தது. கிட்டத்தட்ட இத்தனையைத்தான் போன வருஷம் உடம்போடு சேர்த்து இதே படியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

மெஷின் வெறுமனே இருந்தபோது முள் சரியாகப் பூஜ்யத்தில் இருந்தது. ஒரு கல் வைத்தேன். இருபத்தொன்றேகால். இரண்டு, நாற்பத்திரண்டரை. நான்கும் ஏறியதும் எண்பத்தைந்து. இருபதுக்கு ஒன்றேகால் கூடச் சொல்கிறது. கற்களை இறக்கிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். அந்த மெஷினில் எண்பத்து மூன்று என்றால் நிஜத்தில் எழுபத்தெட்டு. இரண்டு தடவை போட்டேன். எழுபத்தெட்டுதான். சமையலறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், பூஜ்யத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் திருகத் தெரிந்த கை இந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது என்பது உறைத்தது.

மறுநாள் காலை டீ கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"ஏங்க, வீட்டு மெஷின் ஒண்ணு ரிப்பேருக்கு இருக்கு."

"நல்லாத்தானே இருந்தது."

"இருபதுக்கு ஒண்ணேகால் கூடக் காட்டுது."

டீயைக் கீழே வைத்தார். "எதை வெச்சுப் பார்த்தே?"

"உங்க முத்திரைக் கல்லை."

"வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாத் திருகினேன்" என்றார். "சனிக்கிழமை நீ குளிக்கப் போனதும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"வேண்டாம்னு சொன்னா நீ கேப்பியா?"

"மாட்டேன்."

"அதான்." தலையைத் தூக்கவில்லை. "ஒரு மெஷின்ல இருந்து பார்ட்டைக் கழற்றி இன்னொண்ணுல போட்டா ரெண்டும் ஓடும்னு நான் இது வரைக்கும் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. உனக்கு ஏதாவது ஆனா நான் எங்கே போய் மாத்துப் பார்ட் வாங்கறது?"

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. கோபம் வந்த வழியே போயிற்று.

"பதினொரு மாசம் முன்னாடி ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்கும்" என்றேன். "இப்ப மேம்பாலம் ஏறி இறங்கறேன். எந்த மெஷினைத் திருகியும் அதை மறைக்க முடியாது. நீங்க பார்க்கத்தானே செய்யறீங்க?"

"பார்க்கறேன்" என்றார். பிறகு எழுந்தார். "தம்பியை வரச் சொல்லு. அக்காவையும் கூப்பிடு. பெரிய தராசுல நிறுத்துடலாம். அதுல திருக ஒண்ணும் கிடையாது. அது என்ன சொல்லுதோ, அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

இப்படித்தான் நான் தட்டில் உட்கார்ந்தேன்.

கட்டையை எடுக்குமுன் இவர் முக்காலியிலிருந்து எழுந்து, தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒளிக்கவில்லை. அண்ணி மேசையிலிருந்து, "ஏன்டா, அஞ்சு வாரமா என்னைப் பொய்யா படிக்க வெச்சே?" என்றார்.

தம்பி மட்டும் கோபப்படவில்லை. "நீங்க பண்ணினது சரிதான் மாமா" என்றான். "உங்க இடத்துல நான் இருந்தாலும் திருகியிருப்பேன். அக்கா, இறங்கு. நான் ஆஸ்பத்திரி மெஷின்லயே ஓட்டிக்கறேன்."

"இறங்கறதுக்கா பதினெட்டு கிலோ இறக்கினேன்?" என்றேன். "கட்டையை எடுங்க."

எடுத்தார். முதலில் எதிர்த்தட்டின் கட்டை, பிறகு என்னுடையது. சங்கிலி ஒரு தடவை முனகியது. தரை என்னை விட்டுப் போயிற்று. நான்கு கல்லும் தரையில் பொத்தென்று உட்கார, நான் மேலே, அண்ணி முகத்துக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தேன்.

"பிடிச்சுக்கோடி" என்றார் அண்ணி. அவர் கண்ணைத் துடைத்ததை நான்தான் மேலிருந்து பார்த்தேன்.

இவர் அத்தோடு விடவில்லை. ஒரு கிலோக் கல் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். நான் கொஞ்சம் இறங்கினேன், போதவில்லை. இன்னொரு கிலோ வைத்தார். தட்டு மெல்ல இறங்கி வந்தது, எதிர்த்தட்டு எழுந்தது, நடு முள் நேராக நின்றது. குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"எழுபத்தெட்டு" என்றார். கடைக்காரர்களிடம் சொல்கிற குரல். அந்தக் குரலில் அவர் சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

அலமாரியிலிருந்து படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அண்ணி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

"வாங்கிக்கோ மாப்பிள்ளை. பத்திரமா வெச்சுக்கோ. இனிமே ரெண்டு மெஷினையும் நான்தான் பார்த்துக்கணும்."

தம்பி அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஊசி போட்டுப் போட்டுத் தடித்திருந்த அவன் கையிலிருந்து இவர் தன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

நான் தட்டிலிருந்து இறங்கி அங்கேயே டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். தாங்கள் சொன்னபடி சாப்பிட்டு, நடந்து, இன்று எழுபத்தெட்டு கிலோவில் இருக்கிறேன், கணவரின் கையெழுத்துடன் படிவம் இணைத்துள்ளேன், தேதி குறிக்கவும். உறைக்குள் வைத்ததும் இவர் அதை வாங்கித் தபால் எடை பார்க்கும் சின்னத் தராசில் போட்டார்.

"இருபத்திரண்டு கிராம். இருபதுக்கு மேலே போயிடுச்சு. இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டணும்."

"இதையும் மேம்பாலம் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போகலாமா?" என்றார் அண்ணி.

உறையை ஒட்டி, இரண்டு ஸ்டாம்பும் ஒட்டினேன். தபால் பெட்டி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். நான்கு பேரும் நடந்தோம். மூன்றாவது விளக்குக் கம்பத்தில் தம்பிக்கு மூச்சு வாங்கியது, திட்டில் உட்கார்ந்தான். அண்ணி வாயைத் திறந்தார், பிறகு அவன் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். இவரும் நின்றார்.

நான் மட்டும் தொட்டி வரை போனேன். வேகமாகத்தான் போனேன். கடிதத்தைப் பெட்டிக்குள் விட்டு, உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகு கையை எடுத்தேன்.