சோளகம் வரும் வழி

கலியாணம் முடிந்து மாதங்களாகியும் தயாளினிக்கும் கோபிசங்கருக்கும் இடையில் கதை, சாப்பாட்டையும் கதவுப் பூட்டையும் தாண்டவில்லை. அவள் பல்கலைக்கழகத்தில் காற்றையும் மழையையும் பற்றிப் படிப்பிப்பவள். அவன் சண்டிலிப்பாயில் வெங்காயத் தோட்டம் செய்பவன். இருவருக்கும் வெட்கம், வேறொரு குறையும் இல்லை.

சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் காற்று அசையாமல் கிடந்தது. கிணற்றடிக் கொடியில் காய்ந்த நீல வொயில் சேலையை எடுக்கத் தயாளினி போனாள். அறுவடை முடிந்த தோட்டத் தறையிலிருந்து செம்மண் சுழன்று எழும்பியது. வெங்காயச் சருகுகளும் கூடவே எழும்பின. அவள் கை நீட்டுமுன் சேலையும் போய்விட்டது.

அது அவசரப்படவில்லை. பனைகளுக்கு மேலே போய், மடிப்பு விரித்து மிதந்தது. வாழைக்குள்ளிருந்து வந்த கோபிசங்கர் அண்ணாந்து பார்த்தான். மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

“ஏறும்,” என்றான்.

ஒடுங்கிய ஒழுங்கைகளில் ஓடும்போது வேலிகளுக்கு மேலே சேலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. தன்னையறியாமல் அவள் அவனுடைய தோளைப் பிடித்திருந்தாள். வயல்வெளிக்கு வந்தபோது நிலமெல்லாம் கானல் அலையடித்தது. சேலை எது, வானம் எது என்று தெரியவில்லை. கடைசியில் அது ஒரு தனிப்பனையின் உச்சியில் சிக்கிக்கொண்டது.

இருவரும் பக்கத்து வேம்பின் நிழலில் இருந்தார்கள்.

“சூடான காத்து மேலை போகுமெண்டு தெரியும்,” என்றான் அவன். “போனது பிறகு எங்கை போறது?”

அவள் மெல்லச் சொல்லத் தொடங்கினாள். வடக்கே, இமயத்துக்கு அப்பால், மேகத்துக்குக் கிட்ட இருக்கிற மேட்டுநிலம்கூடக் கோடையில் அடுப்பாகக் காயும் என்றாள். அங்கேயும் அதற்குத் தெற்கேயும் எழும்பும் காற்று, விமானங்கள் பறக்கும் உயரத்தில், நம் தலைக்கு மேலால் தெற்கே போகும். தென்கடலில் குளிர்ந்து இறங்கும். பிறகு கடலைத் தடவியபடி, தென்மேற்குக் காற்றாக வடக்கே திரும்பும் என்றாள்.

“அப்ப எங்கடை சோளகம்?”

“ஓம். அப்பிடித் திரும்பி வாறதுதான்.”

அவன் வெறும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அது எத்தனையோ வருடம் படிப்பித்த பாடம்தான். ஆனாலும் சத்தமில்லாத ஆறு ஒன்று தங்களுக்கு மேலே ஓடத் தொடங்கப் போவதை அவள் அன்றைக்குத்தான் உடம்பால் உணர்ந்தாள்.

பனையில் ஏறட்டா என்று அவன் கேட்டான். வேண்டாம், கிடக்கட்டும் என்றாள்.

“அப்ப நீர் கதையும்,” என்றான் அவன். “நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

வெயில் சாய்ந்த பிறகுதான் அவர்கள் எழும்பினார்கள். வீடு வரும்வரை அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். அவன் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்யாமல் உருட்டிக்கொண்டு நடந்தான்.