இருபத்திரண்டு வருஷத்துப் படம்

சின்னக்கண்ணுவுக்கு அந்தச் சட்டை பத்தவில்லை. அண்ணனுடைய காக்கி நிற மில் சட்டை. மார்பின் மேல் இழுத்துப் பூட்டியதில் மூன்றாவது பொத்தான் தெறித்து அடுப்பு மேடைக்கு அடியில் ஓடியது. அஞ்சலாட்சி குனிந்து தேடி எடுத்து, கொழுந்தனை நிற்கவைத்தபடியே ஊசியைக் குத்தினாள்.

"மூச்ச உள்ள இழுத்துக்குங்க தம்பி. குத்திடப் போவுது."

இழுத்தான். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்வரை விடவேயில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவள் புருஷன் கண்ணையன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே வயிற்றில் கால் நாழிகை இடைவெளியில் வந்தவர்கள் இருவரும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அப்பா மேரி என்கிற நகராட்சி ஆபீசுக்குப் போய்ப் பதிந்த பிறப்புச் சீட்டில் ஒரே தேதிதான். பள்ளிக்கூடத்தில் இவன் செய்த தப்புக்கு அவன் அடி வாங்கியதுண்டு. கல்யாணமான புதிதில் அஞ்சலாட்சியே ஆள் மாறிச் சோறு போட்டிருக்கிறாள். அண்ணன் பேரில் தம்பி போய் நிற்பது என்று அந்த நம்பிக்கையில் போட்ட திட்டம்தான் இது.

மில்லுக்குப் புதிதாக வந்த மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். ஐம்பது தாண்டியவர்கள் எல்லோரும் மார்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். படத்தில் கறை தெரிந்தால் வேலை கிடையாது. போன வாரம் எடுத்துக்கொண்ட கூட்டாளி கொளஞ்சியை மறுநாள் கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். அவனுடைய சோற்றுத் தூக்கை யாரோ வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கண்ணையனுக்கு ஐம்பத்திரண்டு. இன்னும் ஆறு வருஷம் ஓட்டியாக வேண்டும். ஆனால் மூன்று மாதமாக, இருமினால் துண்டில் சிவப்பாக ஏதோ படுகிறது. துண்டை அவனே துவைத்துக்கொள்கிறான். மனுஷனுக்கு இப்போதாவது பெண்டாட்டி மேல் இரக்கம் வந்ததே என்று அஞ்சலாட்சி பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

மில்லில் கண்ணையனுடைய இருபத்திரண்டு வருஷமும் பஞ்சு கோதுகிற கார்டிங்கில்தான். மிஷின் ஓடினால் எதிரில் நிற்பவன் முகம் தெரியாது. தொண்டையில் ஒட்டின பஞ்சைப் பீடிப் புகை பொசுக்கிவிடும், மிச்சத்தைச் சாராயம் கழுவிவிடும் என்பது அங்கே எல்லோரும் நம்பின வைத்தியம். சேர்ந்த முதல் வாரமே மேஸ்திரி மண்ணாங்கட்டி, பிள்ளைக்கு மருந்து புகட்டுவதுபோல, பற்றவைத்த பீடியை இவன் வாயில் செருகினார். அப்புறம் தினம் இரண்டு கட்டு. ராத்திரி ஷிப்டு விட்டதும் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ். பகலில் இரண்டு மணி நேரம் கண்ணை மூடினால் அதிகம். நெல்லித்தோப்பு வீட்டுத் தகரக்கூரை அதற்குள் காய்ந்துவிடும். தம்பி அரியாங்குப்பத்தில் கீரை போடுகிறான். விடியலில் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து விற்றுவிட்டுப் போய், கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டுக் கொல்லையில் இறங்குவான். எட்டு மணிக்குத் தூக்கம். பெரிய ஒழுக்கம் என்று சொல்ல முடியாது. முதல் பீடிக்கே வாந்தி எடுத்தவன். "பால்குடி, பால்குடி" என்று கண்ணையன் ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கிறான்.

உப்பளம் பகுதியில் எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். எதிரே பூவரச மரத்தடியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணையன் உட்கார்ந்தான். வரிசையில் இருந்த மில்காரர்கள் சின்னக்கண்ணுவைப் பார்த்தார்கள், மரத்தடியைப் பார்த்தார்கள். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

மேசை ஜன்னலோரம் இருந்தது. கம்பவுண்டர் இராமதாஸ் அடையாள அட்டையை வாங்கினார்.

"பேரு?"

"கண்ணையன்."

"எத்தினி வருஷம் சர்வீசு?"

"இருபத்தி ரெண்டுங்க. கார்டிங்கு."

இராமதாஸ் அட்டையைச் சின்னக்கண்ணுவின் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த படம்.

"அச்சு அசலா அப்பிடியே கீறியே!"

"ஆமாங்க." சின்னக்கண்ணுவின் குரலில் சந்தோஷம். ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த கண்ணையனுக்கும் மரத்தடியில் உயிர் வந்தது.

"அதான்யா இடிக்குது. கார்டிங்ல இருபத்திரண்டு வருஷம் நின்னவன் எவனும் அவன் படம் மாரி இருக்க மாட்டான். பின்னால நிக்கிறானுவளே, திரும்பிப் பாரு." அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "மரத்தடியில துண்டு போட்டுக்கினு ஒக்காந்துகீறாரே, யாரு? ஒங்கப்பாவா?"

வரிசையில் காத்தவராயன் 'களுக்'கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டான். சின்னக்கண்ணுவுக்குப் பொய் ஒன்றுக்கு மேல் தாங்காது.

"அண்ணன்."

"எத்தினி வயசு மூத்தவரு?"

"கால் நாழி."

இராமதாஸ் அட்டையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. வெளியே வந்து கண்ணையன் எதிரில் நின்றார்.

"மேனேஜருக்குச் சொல்ல மாட்டேன். நீ வா. ஒன் படத்த ஒன் மார்ல எடுத்தாத்தான் ஆவும்."

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஒடம்புதான சார்? ஒரே ரத்தம்."

"பொறக்கறப்போ ஒரே வூடுதான். ஒடம்புங்கறது கண்ணுக்குத் தெரியாத செங்கல்லா அடுக்குனது. தினம் பழசு உதிரும், உள்ள ஒரு கொத்தனாரு புதுசு வெச்சிக்கினே இருப்பான். நாம தூங்கறப்பத்தான் அவனுக்கு வேல அதிகம். ஒன் தம்பி அவன வேல செய்ய வுட்டுட்டான். நீ அவன் கண்ணுல பொக வுட்ட, வாயில சாராயம் ஊத்துன, தூங்கவும் வுடல."

"பஞ்சு?" கண்ணையன் துண்டை எடுத்தான். "பஞ்ச நானா ஊதுனேன்? பீடி பண்ணதா, பஞ்சு பண்ணதா, படத்துல தெரியுமா சார்?"

இராமதாஸ் அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். "அது தெரியாது" என்றார்.

உள்ளே ஒரே இருட்டு. கண்ணையன் சட்டையைக் கழற்றி, மோவாயை உயர்த்தி, சில்லென்ற தகட்டில் மார்பை ஒட்டி நின்றான். எதிர்ச் சுவரில், கதவு அரை ஆள் அகலத்துக்குத் திறந்திருந்தது. அங்கே தம்பி நின்றான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"மூச்ச இழு. புடி. அசையாத."

இழுத்தான். பாதியிலேயே உள்ளே எதுவோ கொக்கிபோல மாட்டி, இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"படம் கலங்கிடும்யா. இன்னொரு வாட்டி."

இரண்டாம் முறையும் அதேதான். வாயைத் துடைத்த புறங்கையை அவன் வேட்டியில் மறைத்துத் தேய்த்துக்கொண்டான்.

"கடைசித் தகடு. இழு... புடி."

கண்ணையன் கதவு இடுக்கையே பார்த்தான். சின்னக்கண்ணு தலையை நிமிர்த்தியிருந்தான். கை இரண்டையும் இறுக்கி, கன்னம் உப்ப, அண்ணனுக்காக அவனும் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தான். காக்கிச் சட்டை மார்பில் விம்மி நின்றது. அஞ்சலாட்சி தைத்த மூன்றாவது பொத்தானில் நூல் ஒவ்வோர் இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. தம்பி இன்னும் மூச்சை விடவில்லை.