மேல்கணுக் காய்கள்

நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

காலை பத்து மணி. விதை நிலையத்தின் பரிசோதனை அறையில் என் மனைவி, அரைத்த சோயா மாவைக் கிண்ணத்தில் நிரப்பிப் புரதம் அளக்கும் கருவிக்குள் தள்ளினாள். எட்டு வருடமாக அவள் கலப்பு செய்து தேர்ந்தெடுத்த ரகம் அது. நூற்றுக்கு நாற்பது பங்கு புரதம் இருந்தால் விவசாயிகளுக்குப் போகும். இல்லையென்றால் இந்த வருடத்தோடு கைவிடப்படும். மூன்று மணிக்குக் குழு கூடுகிறது.

திரையில் நாற்பத்தொன்றரை.

நிலைய அதிகாரி வாசலிலிருந்தே கை தட்டினார். "இனிமே உங்களைக் கையில பிடிக்க முடியாதும்மா!"

அவள் சிரிக்கவில்லை. அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். வயலில் மாதிரி எடுப்பது என் வேலை.

"பக்கத்துப் பாத்தியில வேற ஆள் மாதிரி எடுத்த பழைய ரகம் முப்பத்தெட்டுக்கு இறங்கிருச்சு. காய் முத்துற நேரத்துல இருபது நாள் மழையே இல்ல. வேர்முடிச்செல்லாம் காஞ்சு கிடந்ததை நானே தோண்டிப் பார்த்தேன். முடிச்சு காஞ்சா விதைக்குப் புரதம் எங்கேருந்து ஏறும்?"

"உன் ரகம் கெட்டிக்காரி. உன்னை மாதிரி."

"ஐஸ் வைக்காதீங்க. எங்கேருந்து பறிச்சீங்க?"

"வயல்லேருந்துதான். பின்ன கடையிலேருந்தா?"

"செடியில எங்கேருந்துன்னு கேக்கறேன்."

செடியை முழுதாகப் பிடுங்கி, அடிக்காய் உச்சிக்காய் எல்லாவற்றையும் உதிர்த்துக் கலக்க வேண்டும். ஒரே செடியிலும் உச்சிக் காய்களில் புரதம் கூடுதல், அடியில் குறைவு. மாதிரி எடுத்த அன்றைக்கு எனக்கு இடுப்புப் பிடிப்பு. நின்றபடியே கைக்கு எட்டியதைப் பறித்துப் பையை நிரப்பிவிட்டேன்.

"இடுப்பு..." என்றேன்.

"எட்டு வருஷம்ங்க! ஒரு இடுப்புல கொண்டுபோய் வெச்சுட்டீங்களே!"

வயலில் அறுக்காமல் மூன்று வரிசை மிச்சம் இருந்தது. குனிந்தேன், உயிர் போய் உயிர் வந்தது. பக்கத்து வரிசையில் அவளும் பிடுங்கினாள். முப்பது செடி. உதிர்த்து, கலந்து, அரைத்து முடித்தபோது மணி இரண்டே கால்.

முப்பத்தொன்பது புள்ளி ஆறு.

மறுபடி அளந்தாள். அதே எண்.

"முதல் எண்ணையே குடுத்துடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"இதை நம்பி விதைச்சவன் நாளைக்கு வந்து கேட்டா, உங்க இடுப்பையா காட்டுவேன்?"

இரண்டு முடிவுகளையும், பக்கத்துப் பாத்தியின் முடிவுத் தாளையும் எடுத்துக்கொண்டு குழு கூடிய அறைக்குப் போனாள். கதவு மூடியது. வராந்தாவில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அதிகாரியின் குரல் இரண்டு முறை உயர்ந்தது. அவள் குரல் கேட்கவே இல்லை.

நாலு பத்துக்கு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"விவசாயிக்குக் குடுக்க முடியாதுன்னுட்டாங்க."

"அப்போ கைவிட்டாச்சா?"

"அதே காஞ்ச மண்ணுல பழைய ரகத்தைவிட நம்மது ஒன்றரை மேல நிக்குதுன்னு காட்டினேன். இன்னும் ஒரு வருஷம் குடுத்திருக்காங்க. ஒரு வயல்ல தண்ணி பாய்ச்சி, ஒரு வயல்ல பாய்ச்சாம."

மூச்சு விட்டேன். "சரி, மாதிரி எடுக்க நான் முன்கூட்டியே..."

"அதுக்கு வேற ஆளாம். எழுதியே குடுத்துட்டாங்க."

மாதிரிப் பை இன்னும் என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன்.