உலராத வெள்ளைச் சட்டை

இஸ்திரிக்காரரின் வெள்ளைச் சட்டை பதினோரு வருடமாக உலரவில்லை. அவர் வீட்டுப் பின்வாசல் கொடியில், கைகள் இரண்டும் தொங்க, அது சொட்டிக்கொண்டே இருக்கிறது. நாளொன்றுக்கு ஒன்றரை வாளித் தண்ணீர். கோடை உச்சத்தில் இரண்டு வாளி. பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் ஒரு வாரம் கூடவே நின்று அளந்து எடுத்த கணக்கு இது. எட்டாம் நாள் அவருடைய நோட்டும் நனைந்து மை கலைந்துவிட்டதால் அவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. தண்ணீர் உப்புக் கரிக்காது, சோப்பு வாடை இருக்காது, எவ்வளவு கொளுத்தினாலும் சில்லென்றுதான் இருக்கும். சட்டையில் மேலிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் நீலம், மற்றதெல்லாம் வெள்ளை. அந்த ஒரு பட்டனுக்காக உடன்பிறந்த இரண்டு பேர் பத்து வருடம் பேசாமல் இருந்தார்கள்.

சட்டையைச் சொல்வதற்கு முன் தெருவைச் சொல்ல வேண்டும். நாற்பத்தாறு வீடு, அத்தனைக்கும் தகரக் கூரை, ஒரு மரம் கிடையாது. மரங்கள் எல்லாம் பெரிய சாலையைத் தாண்டி எதிர்த்தெருவில் நின்றன. அவற்றின் சருகு மட்டும் காற்றில் இங்கே வந்து சேரும். கோடையில் காலை பத்து மணிக்கே கூரை டக் டக்கென்று முறுக்கிக்கொள்ளும். குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். ஆம்புலன்ஸ் உள்ளே நுழையாது, தெருமுனை வரை ஆளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒருமுறை இந்தத் தெருக் கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சிமெண்டு உடம்போடு அங்கே போனார். வாசலிலேயே மறித்துக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். குழாயைத் தேடிக் கண்டுபிடித்துக் கைகால் கழுவி, வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். அந்த வாசலில் ஆடைதான் முழுசும் என்று தெரு அன்றைக்குக் கற்றுக்கொண்டது. அதிலிருந்து வீட்டுக்கு வீடு டிரங்குப் பெட்டியில் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு நல்ல உடுப்பு இருந்தது. கல்யாணத்துக்குக்கூட அதை வெளியே எடுக்க மாட்டார்கள். யாருக்காவது முடியாமல் போனால் முகத்தைத் துடைத்து, தலை வாரி, அந்த உடுப்பை மாட்டிவிட்ட பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவார்கள்.

இஸ்திரிக்காரர் வீட்டில் முன்னறைதான் பட்டறை. எதிர்த்தெரு வீடுகளின் துணியும், ஆஸ்பத்திரிக் குமாஸ்தாக்களின் சட்டையும், வாசலில் நிற்கும் காவலாளியின் காக்கிச் சட்டையும்கூட இங்கேதான் மடிப்பு வாங்கின. கரி போட்ட இஸ்திரிப் பெட்டி என்பதால் மின்விசிறி போட முடியாது. போட்டால் சாம்பல் பறந்து வெளுத்த துணியில் உட்காரும். ஜன்னலும் அதனாலேயே சாத்திக் கிடக்கும். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு மேஜையில் நின்று தேய்ப்பார்கள். அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் காலரைப் பற்றித்தான் பேசுவார். காலர் சரியாக இருந்தால் மனுஷன் சரியாக இருப்பான் என்பது அவர் சித்தாந்தம். மனைவியின் தங்கை பக்கத்து வீடு. கணவனை இழந்தவள், தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள். நடுவே ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி வைக்கிற சத்தம், அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம். சகோதரிகள் சுவரைத் தட்டியே பாதி விஷயம் பேசிக்கொள்வார்கள்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய கோடையில், வெயில் உச்சத்துக்குப் போய் ஒன்பதாவது நாள், பகல் ஒரு மணிக்கு இஸ்திரிக்காரருக்கு வியர்ப்பது நின்றது. நல்லதாகப் போயிற்று, துணியில் சொட்டாது என்று இருவரும் நினைத்தார்கள். சிறிது நேரத்தில் அவர் தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளைப் பார்த்து, நேராக நில்லுங்கள் என்று அதட்டினார். பிறகு சிரித்தார். பிறகு விழுந்தார். மனைவி தொட்டுப் பார்த்தபோது உடம்பு இஸ்திரிப் பெட்டியின் அடிப்பக்கம் மாதிரி காய்ந்தது. சுவரைத் தட்டினார். தங்கை ஓடி வந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்தார்கள். மூன்று வருடம் மடித்துக் கிடந்ததில் சட்டை கசங்கியிருந்தது.

ஊரெல்லாம் மடிப்புக் கலையாமல் போட்டுக்கொள்ளத் தேய்த்துக் கொடுத்தவரைக் கசங்கிய சட்டையில் எப்படி அனுப்புவது? வேறு எந்த வீட்டிலும் இந்தத் தவறு நடந்திருக்காது. பானையில் பாதித் தண்ணீர் இருந்தது. இஸ்திரிக்காரம்மா அதில் ஒரு கை அள்ளிச் சட்டையில் தெளித்து, கரியை ஊதிக் கனியவைத்துத் தேய்த்தார். அவர் மேல் விழ வேண்டிய தண்ணீர் சட்டை மேல் விழுந்து ஆவியாகிப் போனது. எட்டு நிமிடம் அதற்கு. மாட்டப் போகும்போது மூன்றாவது பட்டன் இல்லை என்று தங்கை பார்த்தாள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல், அகப்பட்ட நீலப் பட்டனை எடுத்துத் தைத்தாள். ஊசியில் நூல் கோக்க வரவில்லை; ஐந்து நிமிடம் அதற்கு. அப்போது இஸ்திரிக்காரர் கண் திறந்து சட்டையைப் பார்த்தார். "காலர்ல மடிப்பு நிக்குது பாரு" என்றார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான். மனைவி அதையும் நீவித் தேய்த்தார்.

பிறகுதான் போன் போட்டார்கள். தெருவின் பெயர் ஆம்புலன்ஸ்காரர்கள் பட்டியலில் இல்லை. அடையாளம் கேட்டு, எதிர்த்தெருவுக்குப் போய்த் திரும்பி, ஆம்புலன்ஸ் முனைக்கு வர நாற்பது நிமிடம். இஸ்திரி மேஜைப் பலகையில் அவரைக் கிடத்தித் தூக்கிப் போனார்கள். பானையில் மிச்சமிருந்த தண்ணீரை, வெயிலில் வந்தவர்களாயிற்றே என்று இஸ்திரிக்காரம்மா ஆம்புலன்ஸ்காரர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் யாரும் மறிக்கவில்லை. காவலாளி கதவைத் திறந்தேவிட்டார். அந்த மட்டில் சட்டை தன் வேலையைச் செய்தது. உள்ளே நர்ஸ் அதன் பட்டன்களை அவசரமாகக் கழற்றிக்கொண்டே, "வந்தது வந்தீங்க, ஒரு ஈரத்துணியாவது மேல போட்டிருக்கக் கூடாதா?" என்றார். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, வேலை மும்முரத்தில் சொன்னார். அரை மணி நேரத்தில் இஸ்திரிக்காரர் இறந்தார்.

சட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். இஸ்திரிக்காரம்மா அதைத் துவைத்துக் கொடியில் போட்டார். அன்று உலரவில்லை, மறுநாளும் உலரவில்லை. தகரம் வெடிக்கிற வெயிலில் நான்காம் நாளும் சொட்டியது. தொழில்காரிக்கு அது மானப் பிரச்சினை. மேஜையில் விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தார். புகை மாதிரி ஆவி எழுந்து அறையை நிறைத்தது, பெட்டிக்குள் கரி அவிந்தது, சட்டை அப்படியே ஈரமாக இருந்தது. தங்கை பார்த்துவிட்டு, இஸ்திரி போடாமல் போயிருந்தால் மாமா இருந்திருப்பார் என்று சொல்லிவிட்டாள். பட்டன் வேண்டும் என்று யார் கேட்டது என்று அக்கா திருப்பிக் கேட்டார். இரண்டும் உண்மைதான், அதனால் இரண்டையும் மன்னிக்க முடியவில்லை. அதோடு பேச்சு நின்றது. சுவரைத் தட்டுவதும் நின்றது.

அந்தக் கோடை முடிந்ததும் கணக்கெடுக்க ஒரு அதிகாரியம்மா வந்தார். வெயிலால் எந்தத் தெருவுக்கு எத்தனை முறை ஆம்புலன்ஸ் போனது என்று அவரிடம் தாள் இருந்தது. மரங்கள் நின்ற எதிர்த்தெருவுக்கு நாற்பத்தொரு முறை, தகரத் தெருவுக்கு இரண்டு முறை. ஆகவே தகரத் தெருவில் வெயிலின் பாதிப்பு மிகவும் குறைவு என்று எழுதியிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடாமலே அந்தக் கோடையில் கட்டிலில் கிடந்து போன மூன்று பேரை முதுமைக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அதில் ஒருத்திக்கு வயது நாற்பத்தொன்பது. இதைச் சொன்னபோது அதிகாரியம்மா, "எனக்குப் புரியுதும்மா, ஆனா தாள்ல வரலையே" என்று நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். அழுத பிள்ளைக்குத்தான் பால். இங்கே பிள்ளை அழுவதற்கு முன் நல்ல உடுப்பைத் தேடிக்கொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீரும் பெரிய விசிறிகளும் வைத்த ஓய்வுக்கூடம் எதிர்த்தெருவில் திறக்கப்பட்டது.

வருடங்கள் போயின. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. தண்ணீர்ப் பஞ்சத் தெருவில் ஒரு சட்டை வாளி வாளியாகச் சொட்டிச் சாக்கடையில் போவதைப் பற்றி ஊர் வாய் ஓயவில்லை. குடம் வைத்துப் பிடித்துக்கொள்கிறோம் என்று கேட்டவர்களை இஸ்திரிக்காரம்மா அண்டவிடவில்லை. "அவருக்கு ஆகாத தண்ணி, யாருக்கும் வேண்டாம்" என்று கதவைச் சாத்தினார். கல்நெஞ்சக்காரி என்றார்கள். அவர் படுத்தபடி அந்தச் சொட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு சொட்டும் ஒரு கேள்வியாக அவர் மேல்தான் விழுந்தது. அந்த ஒரு கைத் தண்ணீரைத்தான் சட்டை திருப்பித் தந்துகொண்டிருக்கிறது என்று அவர் எப்போதோ புரிந்துகொண்டிருந்தார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சட்டையைப் பார்த்தே சொல்லுவார். சட்டை சொட்டிக்கொண்டே இருக்கும்.

பத்தாவது கோடையில், பகல் இரண்டு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றது. பத்து வருடமாக இஸ்திரிக்காரம்மா தங்கையோடு பேசவில்லையே தவிர, அந்த மெஷின் எப்போது நிற்கும், எப்போது ஓடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இது நிற்கிற நேரம் இல்லை. காது கொடுத்தார். ஏதோ விழுந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடுகிற காலடி. பிறகு டிரங்குப் பெட்டியின் மூடி திறக்கிற சத்தம். அந்த மூடிச் சத்தம்தான் அவரை எழுப்பியது. பின்வாசலுக்கு ஓடி, பத்து வருடமாக அசையாத சட்டையைக் கொடியிலிருந்து பிடுங்கினார். தங்கை தரையில் கிடந்தாள், தோல் காய்ந்து, கண் செருகி. ஒருத்தி நல்ல உடுப்பை உதறிக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்காரம்மா அதைப் பிடுங்கி வீசினார்.

"ஒண்ணும் மாத்த வேண்டாம். போனைப் போடு மொதல்ல!"

சட்டையைத் தங்கையின் மேல் விரித்தார். அது கழுத்திலிருந்து முழங்கால் வரை பரவி, ஊற்று மாதிரி ஓடத் தொடங்கியது. இஸ்திரிப் பலகையிலேயே தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில், கிழிந்த வீட்டு உடுப்பும் முழங்கை வரை கரியுமாக வந்த இஸ்திரிக்காரம்மாவைப் பார்த்துக் காவலாளி, "என்னம்மா, இப்படியேவா வர்றது?" என்றார். "இப்படியேதான் வருவோம். உன் சட்டையைத் தேச்சதும் இந்தக் கைதான்" என்றார் அவர். தண்ணீர் காவலாளியின் பூட்ஸுக்குள் ஓடியது. அவர் விலகி நின்றார்.

உள்ளே ஒரு இளம் நர்ஸ் தங்கையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாரு நனைச்சுக் கொண்டுவந்தது? நல்ல காரியம் பண்ணீங்க. பொழச்சுக்குவாங்க" என்றாள்.

"இவ்வளவுதானாம்மா? இவ்வளவுதான் செய்யணுமா?"

"உடனே கூப்பிடணும், உடம்பைக் குளிர வைக்கணும். இவ்வளவுதாம்மா."

இஸ்திரிக்காரம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, பத்து வருடத்து அழுகையை அழுதார். தங்கை பிழைத்ததற்காக அழுகிறார் என்று நர்ஸ் நினைத்தாள். அதுவும்தான். ஆனால் இவ்வளவுதான் என்ற சொல் அவரை வெட்டிப் போட்டிருந்தது. பெரிதாக ஏதாவது தேவைப்பட்டிருந்தால், கையில் இல்லாத எதுவோ தேவைப்பட்டிருந்தால், ஆறியிருப்பார். பாதிப் பானைத் தண்ணீர் வீட்டிலேயே இருந்தது.

நான்காம் நாள் தங்கை வீடு திரும்பினாள். சட்டையும் கொடிக்குத் திரும்பியது. சாயங்காலம் பின்வாசலில் வந்து உட்கார்ந்து அதையே வெகுநேரம் பார்த்தாள். "அக்கா, வெள்ளைப் பட்டன் ஒண்ணு இருக்கு. மாத்தித் தரட்டா?" என்றாள். "இருக்கட்டும்டி. அவசரத்துல தச்சது. இத்தனை வருஷம் விழாம நிக்குதே" என்றார் அக்கா. மறுநாள் காலையில் சுவர் இரண்டு முறை தட்டப்பட்டது.

இப்போது வெயில் ஏறும் நாட்களில் யாருக்காவது தலை சுற்றினால் பின்வாசலுக்கு வந்து சட்டையைக் கேட்காமலே எடுத்துப் போகிறார்கள். ஒருவர் போர்த்துகிறார், ஒருவர் போன் போடுகிறார். போன கோடையில் முப்பத்தெட்டுப் பேர். பிழிய வேண்டாம் என்பது மட்டும்தான் சட்டம். டிரங்குப் பெட்டி உடுப்புகளைக் கல்யாணங்களுக்குப் போட்டுப் பழசாக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போட்டிருப்பதோடு போகிறார்கள். வாசலில் இன்னமும் முறைக்கத்தான் செய்கிறார்கள். ஆம்புலன்ஸ் முப்பத்தெட்டு முறை தெருமுனைக்கு வந்ததாகத் தாளில் ஏறியிருக்கிறது. ஆரோக்கியமாக இருந்த தெருவில் திடீரென்று வெயிலின் பாதிப்பு ஏன் கூடியது என்று விசாரிக்க ஆள் வருவார்களாம். வரட்டும்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் இஸ்திரிக்காரம்மா சட்டையை யாருக்கும் தருவதில்லை. அன்றைக்கு அதை மேஜையில் விரித்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இஸ்திரிப் பெட்டியில் கரி போடுவதில்லை. ஜன்னல் திறந்திருக்கும். காலரில் ஒரு மடிப்பு நிற்கிறது. அதை அவர் நீவுவதில்லை.