ஐந்தில் வைத்த வளையம்

வீட்டில் சேர்ந்துபோன பழைய பேப்பரைப் போட்டுவிட்டு வரச்சொல்லி உமாசங்கரை அவர் மனைவி சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பினாள். அவர் பேப்பரைப் போட்டது உண்மைதான். ஆனால் போட்ட இடத்திலேயே, பழைய சாமான் வாங்கும் ஆக்கிரிக் கடையின் தராசுக்குப் பின்னால், கயிறு கட்டிக் கிடந்த நாற்பது பழைய இங்கிலீஷ் புகைப்படப் பத்திரிகைகளையும் பார்த்துவிட்டார். கொண்டுபோனதைவிடப் பெரிய கட்டோடு ஸ்ரீவராகத்தில் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியவரைப் பார்த்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு எங்கே வாயைத் திறக்க வேண்டும், எங்கே கூடாது என்று தெரியும்.

ஆரியசாலையில் ஒரு மரக்கடையின் மேலாளராக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார் உமாசங்கர். பகல் முழுக்கப் பொழுது கிடந்தது. சாப்பிட்டு எழுந்ததும் மின்விசிறிக்கு அடியில் பாயை விரித்து, ஒவ்வொரு பத்திரிகையாகப் புரட்டினார். எல்லாம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்தவை. ஒரு லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு, நடுவில் எப்படி, ஓரத்தில் எப்படி, வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் எப்படி என்று நாலு பக்கத்துக்கு ஆராய்ந்திருந்தார்கள். பெண் பார்க்கப் போனவர்கள்கூட அவ்வளவு குடைந்து கேட்டிருக்க மாட்டார்கள். கடைசிப் பக்கங்களில் பழைய கேமராக்களை விற்கிறவர்களின் சின்னச் சின்ன விளம்பரங்கள். ‘ஒரே கை புழங்கியது, மனமில்லாமல் விற்கிறேன்’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்து, முகம் தெரியாத அந்த மனிதருக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார்.

மூன்றாம் நாள் அந்தப் பக்கம் வந்தது. படத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிழக்கு ஜெர்மனியில் செய்த சின்னக் கேமரா. கப்பலில் வேலை பார்த்த மாமா தொண்ணூறாம் வருஷம் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்த அதே கேமரா. அது இன்றும் பீரோவின் அடித்தட்டில், தோல் உறைக்குள் கிடக்கிறது. தொட்டு முப்பத்திநாலு வருஷம் ஆகிறது. தொடாததற்குக் காரணம் இருந்தது.

காரணம், நயினாரின் கல்யாணம். நயினார் அவருடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, ஆரியசாலையில் ஜவுளிக்கடை. தொண்ணூற்றொன்றில் ஆவணி மாதம் இங்கே ஒரு மண்டபத்தில் கல்யாணம் வைத்தார்கள். பெண் சுசீலாபாய், மார்த்தாண்டத்துப் பெண். பெண்வீட்டார் இரண்டு நாள் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார்கள். போட்டோக்காரர் மட்டும் அங்கிருந்து கல்யாணத்தன்று காலையில் வருவதாக ஏற்பாடு. அன்றைக்கென்று பார்த்துக் கேரளம் முழுக்கப் பந்த். எல்லையில் களியக்காவிளையோடு பஸ் நின்றுபோனது. இங்கேயும் ஒரு ஸ்டூடியோ திறக்கவில்லை. ‘எடே, உன்கிட்ட கேமரா உண்டுல்லா, நீ எடு’ என்று நயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

அந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தால் எப்போதும் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும்; படம் கலங்குமா என்று அதில் தெரியாது. எவ்வளவு தூரத்தில் ஆள் நிற்கிறது என்று நாமே மதிப்பிட்டு, லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை அந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும். உமாசங்கருக்கு அது ஒரு வேலையா? கடையில் கிடக்கிற மரத்தடியைப் பார்த்த மாத்திரத்தில் நீளம் இத்தனை அடி என்று சொல்லுகிறவர். டேப்பை வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் பிசகாது. அந்தத் தெருவில் அவருக்கு அதில் பெயரே உண்டு. மணவறையிலிருந்து ஐந்தடி தள்ளி நின்றார். வளையத்தை ஐந்தில் வைத்தார். முப்பத்தாறு படத்தையும் அப்படியே எடுத்து முடித்தார்.

பிலிமைக் கழுவின லேப்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் எல்லாவற்றிலும் கலங்கிப் போயிருக்கிறார்கள், பிரிண்ட் போட்டுப் பேப்பரை வீணாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருபத்தைந்து வயது உமாசங்கருக்குக் காது சிவந்தது. எடுக்கத் தெரியாமல் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பிலிம் சுற்றவே இல்லை, எல்லாம் வெறுமையாக வந்துவிட்டது, கேமராவின் கோளாறு என்று நயினாரிடம் ஒரு பொய்யைச் சொன்னார். நெகட்டிவை ஒரு கவரில் போட்டு ஒளித்துவைத்தார்.

பொய் அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சுசீலாபாயின் அம்மை மாடம்மாள் அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அவளுடைய படம் என்று உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு ஐப்பசியிலும் சுசீலாபாய் அம்மைக்கு விளக்கு வைப்பது வெறும் சுவருக்கு முன்னால். ‘கல்யாணத்துலயாவது ஒண்ணு விழுந்திருக்கும். அந்தப் பிலிம் சுத்தாமப் போச்சே’ என்று யாரையும் குறை சொல்லாமல்தான் சொல்வாள். அந்த வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் உமாசங்கர் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

இப்போது அந்தப் பத்திரிகையில் லென்ஸைப் புகழ்ந்து இரண்டு பத்தி. அதற்குக் கீழே ஒரு வரி: ‘தூரம் மீட்டரில் மட்டுமே குறிக்கப்பட்டுள்ளது, அடிக்கணக்கில் பழகியவர்கள் கவனிக்கவும்.’ அந்த வரிக்கு அடியில் யாரோ பென்சிலால் அழுத்தி இரண்டு கோடு போட்டிருந்தார். பட்ட பிறகு போட்ட கோடு என்று பார்த்தாலே தெரிந்தது.

உமாசங்கர் எழுந்து பீரோவைத் திறந்தார். தோல் உறை பச்சை பூத்திருந்தது. லென்ஸுக்குள்ளும் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. வளையத்தைத் துடைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எண்களின் ஓரத்தில் பொடியாக ஒரு m. ஐந்தடியில் நின்று ஐந்து மீட்டரில் வைத்திருக்கிறார். பதினாறு அடிக்கும் மேலே. அப்படியானால் முன்னால் இருந்தவர்கள் கலங்கியிருப்பார்கள். பின்னால் பதினாறு அடியில் நின்றவர்கள்?

ஒளித்துவைத்த நெகட்டிவ் கவரை எடுத்துக்கொண்டு தம்பானூரில் பிஜுவின் கடைக்கு ஓடினார். பிஜு பழைய நெகட்டிவை ஸ்கேன் செய்து கொடுக்கிறவர். நல்ல மனுஷன்; அப்போதே திரையில் போட்டுக் காட்டினார்.

“சேட்டா, முன்னால உள்ளவங்க போச்சு. அது இனி ஒண்ணும் செய்யான் பற்றில்ல,” என்று மலையாளம் கலந்து சொல்லிக் கையை விரித்தார் பிஜு. “பட்சே பின்னால அந்தத் தூண்கிட்ட ஒரு அம்மா நிக்கறாங்கல்லோ. எல்லாத்துலயும் உண்டு. நல்ல கிளியர்.”

நரைத்த தலை, பொட்டில்லாத நெற்றி, வெள்ளைச் சேலை. உமாசங்கருக்கு முகம் உடனே பிடிபட்டது: மாடம்மாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டார். பிஜு தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

நல்லதாகப் பார்த்து ஒன்பது படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு வந்த பிறகு, இரண்டு நாள் அவற்றை மேசையிலேயே வைத்திருந்தார். கொடுத்தால் பொய் வெளியே வரும். ஐம்பது வருஷக் கூட்டுக்காரன் அதற்குப் பிறகு வாசலில் ஏற்றுவானா என்று பயம். மனைவியிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னார்.

“பொய் சொன்னதுக்கு ரெண்டு ஏச்சு கிடைச்சா வாங்கிட்டு வாங்கோ,” என்றாள் அவள். “இனிமே ஒருநாள் கையில வெச்சிண்டிருந்தா அது திருட்டு.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரியசாலைக்குப் போனார். கடைக்கு மேலேதான் நயினாரின் வீடு. சுசீலாபாய் உள்ளே தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். உமாசங்கர் உட்காரவில்லை. நின்றபடியே, நயினாரிடம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தார்: பிலிம் சுற்றியது, படம் விழுந்தது, அடிக்கும் மீட்டருக்கும் வித்தியாசம் பார்க்காமல் தான்தான் கெடுத்தது, வெட்கத்தில் பொய் சொன்னது.

நயினார் கண்ணாடியைக் கழற்றினான். “முப்பத்திநாலு வருஷம்,” என்றான். “எடே, எத்தன தடவ அவ கேட்டிருப்பா. நீ இங்கேயே இருந்து தின்னுட்டு, எங்க மூஞ்சியப் பாத்துட்டு இருந்திருக்கியே.”

“ஆமா,” என்றார் உமாசங்கர்.

“ஒரு ஜவுளிக்காரன்கிட்ட கேட்டிருந்தா மீட்டர் எதுன்னு சொல்லியிருப்பானே. கெட்டது கெட்டுது, அத ஏன்டே மறைச்ச?”

நயினார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு அவ்வளவு கோபம் வந்து உமாசங்கர் பார்த்ததே இல்லை. படம் இருந்த கவரை மேசையில் வைத்தார்; படியிறங்கிவிடலாம் என்று நினைத்தார்.

அதற்குள் சுசீலாபாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கவரைப் பிரித்திருந்தாள். முதல் படத்தைப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

“அம்மை,” என்றாள்.

நயினார் திரும்பினான். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். ஒன்றில் மாடம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். ஒன்றில் முந்தானையால் வாயைப் பொத்தியிருக்கிறாள். தாலி கட்டுகிற படத்தில் வலது கையை ஓங்கியிருக்கிறாள். விரலிடுக்கில் அட்சதை அரிசி மணிமணியாகத் தெரிகிறது.

“எங்க பெரியத்தை அன்னைக்கு அம்மைய அடுக்களைய விட்டு வரக்கூடாதுன்னு சொல்லிட்டாவ,” என்றாள் சுசீலாபாய். குரல் கீழே போயிருந்தது. “தாலியில்லாதவ மணவறப் பக்கம் வந்தா சுபமில்லையாம். அம்மையும் செரின்னு போயிட்டா. தாலி கெட்டுனத அவ காணவே இல்லன்னுதான் அண்ணே நான் இத்தன நாளும் நினைச்சிருந்தேன். கேக்கதுக்குள்ள அவளும் போயிட்டா.”

நயினார் வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். பிறகு ஒரு நாற்காலியை உமாசங்கர் பக்கம் காலால் தள்ளிவிட்டான்.

உமாசங்கர் உட்கார்ந்தார். தன் கண் அளவுக்கு நன்றி சொல்வதா, ஜெர்மனிக்காரனுக்குச் சொல்வதா, பென்சில் கோடு போட்ட யாரோ ஒருவருக்குச் சொல்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் சேர்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டார். தகுதி இல்லாத ஆளுக்கு ஏதோ தெய்வம் பார்த்து எடுத்துக் கொடுத்தது என்றுதான் அவர் நம்பினார்.

சுசீலாபாய் தாலி கட்டுகிற படத்தை அவரிடம் நீட்டினாள். “இதுல நான் எங்கண்ணே?”

முன்னால் சிவப்பாகக் கலங்கிக் கிடந்த ஒரு உருவத்தை அவர் தொட்டுக் காட்டினார். “இதுதான். முகம் தெரியல. மன்னிச்சிருங்க.”

“தெரியாண்டாம். நான் அழுதுட்டு இருக்கேன்,” என்றாள் அவள். “அம்மை இல்லாமத் தாலி கெட்டுதாங்களேன்னு அழுதேன். அவ பின்னாலதான் நின்னிருக்கா.”