வாலில்லாத மீன்

சித்திக்கு மூக்கின் மேல் கோபம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குக் கண் டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்தபோது அது மூக்கோடு நிற்காமல் உச்சந்தலைக்கே ஏறியிருந்தது. அவளுக்குப் பின்னால் அவளுடைய அக்கா வந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வலது கண்ணின் மேல் பேட்ச் ஒட்டியபடி அக்கா மகள் வாண்டு வந்தாள்.

வாண்டுக்கு ஏழு வயது. அவளுடைய இடது கண் சோம்பேறிக் கண். அந்தக் கண் பார்த்துச் சொல்வதை மூளை மதிப்பதில்லை, வலது கண் சொல்வதை மட்டும் கேட்டுக்கொள்கிறது. அதனால் தினமும் நல்ல கண்ணை மூடிவிட்டு, சோம்பேறியை வேலை வாங்க வேண்டும். அதற்காகத்தான் சித்தி ஒரு செயலி எழுதினாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனியும் அதைத் தன் தயாரிப்பாக எடுத்துக்கொண்டு, சோதனைக்காக இன்னும் பல குழந்தைகளின் கையில் கொடுத்திருந்தது.

விளையாட்டு எளிதுதான். சாம்பல் நிற இலைகளுக்கு நடுவே அதே நிறத்தில் ஒரு மீன் ஒளிந்திருக்கும். கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்து எடுத்தால் நட்சத்திரம். போகப் போக மீன் சிறுத்துக்கொண்டே போகும், மங்கிக்கொண்டே போகும். பெரியவர்கள் யாரும் பக்கத்தில் உட்கார வேண்டாம். செயலியே குரல் கொடுத்துக் குழந்தையை நடத்திச் செல்லும்.

நாலு மாதமாக வாண்டு நட்சத்திரங்களை வாரிக் குவித்திருந்தாள். ஆனால் டாக்டரம்மா எழுத்து அட்டையைக் காட்டியபோது பழைய வரியிலேயே நின்றாள். அதற்குக் கீழே ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. இந்த வயதை விட்டால் அப்புறம் சரிசெய்வது கஷ்டம் என்றார் டாக்டரம்மா. வீட்டில் பேட்சைக் கழற்றிவிட்டு விளையாடுகிறாள் போலிருக்கிறது என்றும் சொன்னார்.

அக்கா வீடு வரும்வரை பொறுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தியதும் வாண்டின் முதுகில் ஒன்று வைத்தாள். கழற்றவே இல்லை என்று வாண்டு தேம்பித் தேம்பி அழுதாள். சித்தியும் நம்பவில்லை. தான் எழுதியது பொய் சொல்லாது, இந்தப் பொடிசுதான் புளுகுகிறது என்று நினைத்தாள்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்று மறுநாள் காலை கதவோரம் நின்று பார்த்தாள். பேட்ச் ஒட்டியபடி அப்படியே இருந்தது. வாண்டின் முகம்தான் மடியிலிருந்த டேப்லெட்டின் பக்கமே இல்லை. எதிர்வீட்டுக்காரர் கார் கழுவுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மட்டும் திரைமேல் வழுக்கிக்கொண்டு போனது. டேப் பேசியது. இலை. இலை. இலை. மீன். வாண்டு விரலை எடுத்தாள்.

"சபாஷ்! உன் கண் கழுகுக் கண்!" என்றது செயலி.

சித்தி உள்ளே வந்து வாண்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பார்க்காமல் ஏன் விளையாடுகிறாய் என்று மெதுவாகத்தான் கேட்டாள். வாண்டுக்கு அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

"பார்த்தா தப்பு வருது சித்தி. கேட்டா சரியா வருது."

பார்வை குறைந்த குழந்தைகள் பொத்தான்களைத் தேடித் தவிக்கக் கூடாதே என்றுதான் குரலைச் சேர்த்தார்கள். கம்பெனி முதலாளி ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, திரையில் இருக்கிற எல்லாமே பேச வேண்டும், விரல் படுகிற இடமெல்லாம் பெயர் சொல்ல வேண்டும் என்றார். ஆபீசே கைதட்டியது. சித்தியும் தட்டினாள். கண்ணாமூச்சியில் ஒளிந்தவனே "இங்கேதான் இருக்கேன்" என்று கத்தினால் என்ன ஆகும் என்று படித்த மண்டைகளில் ஒன்றுக்குக்கூடத் தோன்றவில்லை. எல்லோருக்கும் நல்ல கண். மீனைக் காதால் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

சித்தி விஷயத்தை அக்காவிடம் சொன்னாள். அக்கா வாண்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, முந்தின நாள் அடித்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் சித்திக்குத் தேவலாம் போலிருந்தது.

முதலாளிக்கு ஆபீசில் புன்னகை மன்னன் என்று பெயர். சம்பளம் தள்ளிப்போனாலும் சிரிப்பார், ஆளை வேலையை விட்டுத் தூக்கினாலும் சிரிப்பார். சித்தி சொன்னதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வெள்ளிக்கிழமை பெரிய கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், தங்கள் கிளைகளிலெல்லாம் செயலியைக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஞாபகப்படுத்தினார்.

"குழந்தைங்க சந்தோஷமா விளையாடுறாங்க, ஸ்கோர் ஏறிட்டே போகுது. இப்பப் போய் மீனை ஊமையாக்கினா எல்லாம் சரிஞ்சிடும். கையெழுத்து ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

"அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்க கண்ணு?"

"நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படுறீங்க" என்றார், அதே சிரிப்போடு.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிறவனைப் பற்றிச் சித்தி பழமொழியில் கேட்டிருக்கிறாள். ஊரார் பிள்ளைகளின் கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிற மனிதனை இப்போதுதான் நேரில் பார்க்கிறாள். கத்தியிருப்பாள். கத்தினால் அதற்கும் ஒரு சிரிப்பு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நடுவில் உட்கார்ந்தவர் பெரிய டாக்டர், அதிகம் பேசாத மனிதர். சுவரில் ஸ்கோர் கோடு ஏணி போல ஏறிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி முதலாளி ஒரு பாட்டம் பேசி முடித்ததும், சித்தி எழுந்து, முதலாளியே விளையாடிக் காட்டினால் நன்றாக இருக்கும் என்றாள். நாலு பேர் முன்னால் நிற்பதென்றால் முதலாளிக்குக் கொள்ளை ஆசை. உடனே முன்னால் வந்து உட்கார்ந்தார்.

சித்தி பையிலிருந்து வாண்டின் பேட்ச் ஒன்றை எடுத்து அவருடைய வலது கண்ணில் ஒட்டினாள். அதில் ஒரு முயல் படம் இருந்தது. வந்தவர்கள் சிரித்தார்கள், முதலாளியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு முயலை இடது கண்ணில் ஒட்டினாள்.

"அட, இது என்ன மேடம்?"

"கையை மட்டும் நகர்த்துங்க சார். மீன்னு சொன்ன உடனே விரலை எடுங்க."

வேடிக்கை ஏதோ நடக்கிறது, தான்தான் அதன் நாயகன் என்று அவர் நினைத்துக்கொண்டார். விரல் வழுக்கியது. இலை, இலை, மீன். இலை, மீன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசி மட்டத்தில், நல்ல கண்ணுக்கே தெரியாத மீனைக்கூட முதல் தடவையிலேயே பிடித்துவிட்டார்.

"சபாஷ்! உன் கண் கழுகுக் கண்!" என்று செயலி அறை முழுக்கக் கூவியது.

"எப்படி சார்?" என்று பெரிய டாக்டரிடம் கேட்டார் முதலாளி, இரண்டு முயல்களோடு சிரித்தபடி.

பெரிய டாக்டர் கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். சித்தியின் பக்கம் திரும்பி, இது எத்தனை குழந்தைகளிடம் இருக்கிறது என்று கேட்டார். சித்தி சொன்னாள். எல்லோரையும் திரும்ப வரச் சொல்லுங்கள், முதலிலிருந்து பரிசோதிக்க வேண்டும் என்றார். முதலாளி பேட்சைப் பிய்த்தபோது புருவத்தில் பாதி அதோடு வந்தது. அந்தச் சிரிப்பு இல்லாத முகத்தை ஆபீஸ் முதன்முதலாகப் பார்த்தது.

திங்கட்கிழமை தனக்கு அங்கே நாற்காலி இருக்குமா என்று சித்திக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் பொத்தான்களுக்கு மட்டும் வாயை விட்டுவைத்து, மீனையும் இலைகளையும் ஊமையாக்கி எல்லா டேப்களுக்கும் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் வாண்டு விரலை வழுக்கிப் பார்த்தாள். சத்தமில்லை. குத்துமதிப்பாக எடுத்தாள், தப்பு. மறுபடி தப்பு. ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை. டேப்பைச் சோபாவில் எறிந்துவிட்டு, "நீதான் கெடுத்துட்ட, போ" என்று சித்தியைப் பிடித்துத் தள்ளினாள். சித்தி வாங்கிக்கொண்டாள். சமாதானம் எதுவும் சொல்லாமல் டேப்பை எடுத்து, முதல் மட்டத்தைத் திறந்து மறுபடி அவள் மடியில் வைத்தாள். அங்கே மீன் உள்ளங்கை அளவு இருக்கும்.

வாண்டு அழுதுகொண்டே குனிந்தாள். மூக்கு திரையில் இடித்தது. தலையை அப்படிச் சாய்த்தாள், இப்படிச் சாய்த்தாள். இடது கண்ணில் நீர் கோத்தது, துடைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு இடத்தில் விரலை வைத்து எடுத்தாள். நட்சத்திரம் விழுந்தது. அதை அவள் கவனிக்கவேயில்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இந்த மீனுக்கு வாலு இருக்கா?"

நாலு மாதமாகத் தினமும் அவள் பிடித்துக்கொண்டிருந்த மீன் அது. சித்தி வாசலில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள் அக்கா.