ஏரியைத் தாண்டிய தம்பி

"ஒரே தள்ளுதான். என் தம்பி ராட்டினத்துலேருந்து பிச்சுக்கிட்டு, முழு ஏரியையும் தாண்டி, அக்கரையில எங்க அத்தை நீராவிக் குளியல் போட்டுட்டிருந்த சௌனா குடிலுக்குள்ள போய் விழுந்தான். அப்ப அவனுக்கு ஆறு வயசு. போற வழியில ரெண்டு நரியை முந்துனான்."

சிர்க்கா பஞ்சை நனைத்து அப்பா வில்ஹோவின் உதட்டில் ஒற்றினாள். விடிந்ததிலிருந்து அவர் இதை மூன்றாவது தடவையாகச் சொல்கிறார்.

"பச்சைப் பொய்," என்றார் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தம்பி கலெவி. எழுபத்திரண்டு வருடமாக அதே பதில். "நானா நடந்து போனேன்."

"டேய், சாகப்போறவன் கேக்குறேன். ஒரு தடவை ஆமான்னு சொல்லித் தொலையேன்."

"மாட்டேன்."

"கல்லுளிமங்கன்!" வில்ஹோ சிரித்தார். சிரிப்பு இருமலானது. அதோடு பேச்சு நின்றுவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே மைனஸ் பதினெட்டு. பின்லாந்தில் பிள்ளைகளை விளையாட அனுப்புவதற்கென்றே செய்த வெயில். உறைந்த ஏரியில் துளை போட்டு நட்ட கம்பம், அதன் தலையில் நீளக் கட்டை, கட்டையின் நுனியில் சறுக்குவண்டி: அதுதான் ராட்டினம். மறுமுனையை நாலு பிள்ளைகள் தள்ள, பஞ்சு மூட்டை போன்ற உடுப்புக்குள் ஒரு குழந்தை வீறிட்டபடி சுற்றியது.

வண்டியின் ஒரு சுற்றுக்கு அப்பாவின் ஒரு மூச்சு. எப்போது எண்ணத் தொடங்கினாள் என்று சிர்க்காவுக்கே தெரியவில்லை. பிறகு ஒன்றரைச் சுற்றுக்கு ஒன்று. பிறகு இரண்டுக்கு.

பிள்ளைகளோடு வெளியே நின்ற ஹன்னா டீச்சர் கை தட்டினாள். "வாங்க வாங்க, சூப் ஆறுது!"

சிர்க்கா ஜன்னலை ஒரு சாண் திறந்தாள். "ஹன்னா, இன்னும் கொஞ்ச நேரம் சுத்தட்டுமே."

ஹன்னா அவள் முகத்தைப் பார்த்தாள். "இன்னொரு சுத்து யாருக்கு வேணும்?"

பன்னிரண்டு பிள்ளைகளிடமிருந்து ஐம்பது கைகளாவது உயர்ந்திருக்கும்.

"சித்தப்பா," என்றாள் சிர்க்கா, திரும்பாமல். "சொல்லிருங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல."

"பொய்தானேம்மா இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

அவள் திரும்பினாள்.

"அண்ணன்தான் தள்ளுனான்னு தெரிஞ்சிருந்தா எங்கப்பா அவன் தோலை உரிச்சிருப்பாரு. நானா போனேன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல."

கலெவி நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துக் குனிந்தார். காதோரம் சொன்னார்: "அண்ணே, போனேன். பறந்துதான் போனேன்."

வில்ஹோவின் நெஞ்சு ஒருமுறை எழும்பி இறங்கியது.

வெளியே வண்டி சுற்றியது. இரண்டு. மூன்று. சிர்க்கா அப்பாவின் மணிக்கட்டில் வைத்த விரலை எடுக்கவில்லை. சித்தப்பாவை நிறுத்தவும் இல்லை.

"சௌனா கதவு திறந்துதான் கிடந்துச்சு," கலெவி சொல்லிக்கொண்டே இருந்தார். "பேய்னு நெனச்சு அத்தை ஒரு வாளி தண்ணிய என் தலையில கவுத்துட்டா. சுடுதண்ணி இல்ல, பச்சத் தண்ணி. எல்லாம் நடந்ததுதாண்ணே. எல்லாமே."